ஆள் குறைகிறது என்பதற்காகச் சின்னப் பிள்ளைகளைப் பெரிய அணியில் இறக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பிளஸ் டூ அக்காமார்களோடு சேர்ந்து கபடி ஆடினாள், அந்தப் பள்ளி அணி அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றது என்று படத்தோடு போட்டிருந்தீர்கள். அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்து. அவளைத் தயார் செய்த உடற்கல்வி ஆசிரியரின் உழைப்பையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் செய்தியில் ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது. 19 வயதுக்கு உட்பட்டோர் அணியில் 12 வயதுப் பிள்ளை ஏன் ஆட வேண்டி வந்தது? அதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. கடிதம் நீளம்தான். வெட்டாமல் போட முடிந்தால் போடுங்கள்.

நான் தூத்துக்குடி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கபடியும் வாலிபாலும்தான் அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் குறுவட்டப் போட்டிகளில் நடுவராகவும் நின்றிருக்கிறேன், பதிவு மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இது எப்படி நடக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

பள்ளிக் கல்வித் துறையின் குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவாக நடக்கின்றன. முதலில் குறுவட்டம், அப்புறம் வருவாய் மாவட்டம், அப்புறம் மாநிலம். கபடிக்கு ஆடுகளத்தில் ஏழு பேர், மாற்றுக்கு ஐந்து பேர் என்று 12 பெயர் எழுத வேண்டும். வாலிபாலுக்கும் 12 பெயர். கிராமத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்து இரண்டு வகுப்பையும் சேர்த்தால் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? முப்பது பேர் இருந்தால் அது பெரிய பள்ளி. அதிலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆகஸ்ட் மாதமே மாலைச் சிறப்பு வகுப்புக்குப் பிடித்து வைத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களில் பாதிப் பேர் விளையாட வர மாட்டார்கள், வீட்டில் விட மாட்டார்கள். அப்போது உடற்கல்வி ஆசிரியர் எங்கே போவார்? எட்டாம் வகுப்புக்குப் போவார். அங்கேயும் ஆள் குறைந்தால் ஏழாம் வகுப்பு. மேல்நிலைப் பள்ளிகளிலும் இதேதான். பிளஸ் டூ பிள்ளைகளைத் தேர்வைக் காட்டி வகுப்பை விட்டு வெளியே விடுவதில்லை. 19 வயது அணியைப் பத்தாம் வகுப்பை வைத்தும், 17 வயது அணியை எட்டாம் வகுப்பை வைத்தும் ஒப்பேற்றுகிறோம்.

ஆக, சின்னப் பிள்ளை மேலே போவது பெரும்பாலும் அவள் அதற்குத் தயாராகிவிட்டாள் என்பதால் அல்ல. மேலே ஆள் இல்லை என்பதால். இந்த இரண்டும் ஒன்றல்ல. செய்தித்தாளில் வரும்போது மட்டும் எல்லாமே திறமையின் கதையாகிவிடுகிறது.

பதிவு மேசையில் நாங்கள் என்ன பார்க்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். பிறந்த தேதி, எமிஸ் எனும் மாணவர் பதிவு எண், புகைப்படம், தலைமை ஆசிரியரின் கையெழுத்து, பள்ளி முத்திரை. எல்லாமே வயது கூடிய பிள்ளை உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக. அது மிகவும் தேவையான வேலைதான், அதில் நடக்கும் மோசடிகள் தனிக் கதை. ஆனால் வயது குறைந்த பிள்ளை பெரிய பிரிவில் வந்து நின்றால் மேசையில் இருப்பவர்கள் யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. வரம்புக்குள் இருக்கிறாள், சரி, அடுத்த படிவம் என்று போய்விடுகிறோம்.

ஒரு குறுவட்டப் போட்டியில் 19 வயதுப் பிரிவு பெண்கள் கபடிக்கு நான் நடுவராக இருந்தேன். ஒரு பள்ளி அணியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இடது கார்னரில் நின்றாள். முப்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். அணிச் சட்டை தொடை வரை தொங்கியதால் அதை இடுப்பில் முடிச்சுப் போட்டிருந்தாள். எதிரணியிலிருந்து 'கபடி கபடி' என்று பாடி வந்தவள் பிளஸ் டூ மாணவி. வாழைத் தோட்டத்து வேலைக்குப் போய்ப் பழகிய கட்டான உடம்பு. சின்னவள் பயப்படவே இல்லை. பெரியவள் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்டக் காலை நீட்டியதும் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். சரியான நேரம், சரியான பிடி. ஆனால் பெரியவள் காலை உதறி நடுக்கோட்டைப் பார்த்துப் பாய்ந்தாள். அவளை மடக்க இரண்டு அக்காமார்கள் ஓடி வந்து மேலே விழுந்தார்கள். மூன்று பேருடைய எடையும் அந்தப் பிள்ளையின் தோளில் இறங்கியது. காறை எலும்பு முறிந்துவிட்டது.

அந்த ஆட்டத்தில் யாரும் எந்த விதியையும் மீறவில்லை. நான் நடுவராக நின்று பார்த்துச் சொல்கிறேன். உடம்பில் இடித்து, பிடித்து, மேலே விழுந்து ஆடுவதுதான் கபடி. பாடி வந்த பெண் அழுதுகொண்டே வந்து, "நான் வேணும்னு செய்யல டீச்சர்" என்றாள். அவள் சொன்னது உண்மை. அவள் வயதுப் பெண் ஒருத்தி அந்த இடத்தில் இருந்திருந்தால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போயிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளையின் அம்மா என்னிடம் பேசினார். "பெரிய புள்ளைங்க கூட எங்க மவ ஆடுதான்னு ஊருல எல்லாரும் பெருமையா சொன்னாவ டீச்சர். அதான் நானும் கையெழுத்து போட்டேன்" என்றார். அவர் கையெழுத்துப் போட்ட தாளில் பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பச் சம்மதம் என்று மட்டும்தான் இருந்தது. எந்த வயதுப் பிரிவில் ஆடப் போகிறாள், எதிரில் நிற்பவர்களுக்கு என்ன வயது என்ற விவரம் அதில் கிடையாது. அந்தத் தாயிடம் யாரும் அதைச் சொல்லவும் இல்லை.

விளையாட்டுத் துறையே வயதையும் எடையையும் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறது என்று கவனியுங்கள். தேசிய அளவில் அமெச்சூர் கபடியில் சப்-ஜூனியர் என்றால் 16 வயது, அதற்கு ஒரு எடை வரம்பு. ஜூனியர் என்றால் 20 வயது, அதற்கு வேறு எடை வரம்பு. ஆடுகளமே வேறு. ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8, சப்-ஜூனியருக்கு 11-க்கு 8. குண்டு எறிதலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு 7.26 கிலோ, 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 6 கிலோ, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 5 கிலோ. தடை ஓட்டத்திலும் வயது குறையக் குறையத் தடையின் உயரம் குறைகிறது. உயிரில்லாத இரும்புக் குண்டை அந்த வயதுக்குத் தகுந்த மாதிரி எடை குறைத்துக் கொடுக்கிற நாம், எதிரே ஓடி வந்து மோதப் போகிற உடம்பு எவ்வளவு பெரியது என்று பார்ப்பதில்லை.

வாலிபாலில் இடிபடுவது இல்லையே என்று கேட்கலாம். பெரியவர் பிரிவில் பெண்களுக்கு வலையின் உயரம் 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43. வலையின் அகலம் ஒரு மீட்டர். நாலரை அடிப் பிள்ளை கையை முழுதாகத் தூக்கினால் அந்த வலையின் பாதியைக் கொஞ்சம் தாண்டி எட்டும், அவ்வளவுதான். அவளால் அடிக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. அதனால் பின்வரிசையில் நிறுத்தி, எதிரணிப் பெண்கள் ஓங்கி அடிக்கிற பந்தை எடுக்கச் சொல்வார்கள். பந்து முன்கையில் பட்டுச் சிவந்து வீங்கிப்போய் வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அங்கே வாலிபால் கற்றுக்கொள்ளவில்லை. பந்தைக் கண்டு கண்ணை மூடக் கற்றுக்கொண்டார்கள். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பது பயிற்சி கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வயதில் உடம்புக்குள் நடப்பதையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெண் பிள்ளைகள் ஏறக்குறைய 12 வயதிலும், பையன்கள் 14 வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள். எலும்பின் முனையில் வளர்ச்சி நடக்கும் பகுதி அப்போது இன்னும் இறுகவில்லை, அடிபட்டால் தாங்காது. எலும்பு நீள்கிற வேகத்துக்குத் தசைநார் ஈடுகொடுக்காமல் முழங்காலுக்குக் கீழே புடைத்துக்கொண்டு வலிக்கும், குதிகால் வலிக்கும். ஓய்வு கொடுத்தால் போய்விடும். ஆனால் 14 வயது அணியிலும் ஆடி, 17 வயது அணிக்கும் ஆள் குறைகிறது என்று அதிலும் ஆடும் பிள்ளைக்கு ஓய்வு எங்கே? ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு பேரில் ஒருவன் மீசை அரும்பி நிற்பான், இன்னொருவனுக்குக் குரலே உடைந்திருக்காது. வயது ஒன்றுதான், உடம்பு ஒன்றல்ல. ஒரே வயதுக்குள்ளேயே இப்படி என்றால் ஐந்து, ஆறு வயது வித்தியாசத்தைப் பற்றி என்ன சொல்வது?

என் அக்கா மகள் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். அவள் மகள் ஏழாம் வகுப்பில் படித்தபோது பெரிய பிள்ளைகளின் டென்னிஸ் அணியில் ஆட ஆசைப்பட்டாள். அங்கே உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. ஏழு, எட்டாம் வகுப்புக்குத் தனி அணி உண்டு. கீழ் வகுப்புப் பிள்ளை மேலே போய் ஆடலாம் என்று அந்த மாநிலம் அனுமதிக்கிறது, ஆனால் அதற்கு ஒரு நடைமுறை வைத்திருக்கிறது. அக்கா மகள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். முதலில் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம். அப்புறம் பள்ளி நிர்வாகத்தின் ஒப்புதல். அதற்குப் பிறகு பள்ளி மருத்துவர் பிள்ளையின் உடல் எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார். வயதை அல்ல, உடல் வளர்ச்சியின் கட்டத்தை. எந்த ஆட்டத்துக்கு எந்தக் கட்டம் வேண்டும் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். மோதி ஆடும் ஆட்டங்களுக்குக் கூடுதலாகக் கேட்கிறார்கள். பயிற்சியாளர் அவளுடைய திறமையை மதிப்பிட்டு எழுதித் தர வேண்டும். ஓட்டம் முதலான உடல்தகுதித் தேர்விலும் தேற வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் அணித் தேர்வுக்கே போகலாம்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்த மாநிலத்தின் கல்வித் துறை இந்த வழியை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறது. அணியில் காலியாக இருக்கும் இடத்தை நிரப்புவதற்கு இது அல்ல. ஒரு பிள்ளைக்குப் பரிசு மாதிரிக் கொடுப்பதற்கும் அல்ல. கீழ் வகுப்புக்கு அணி இல்லை என்பதால் மேலே தள்ளுவதற்கும் அல்ல. உண்மையிலேயே தயாராகிவிட்ட ஒரு சிலருக்கு மட்டும் என்கிறார்கள். நம் ஊரில் பிள்ளைகள் மேலே போவது பெரும்பாலும் அவர்கள் கூடாது என்று சொல்கிற காரணங்களுக்காகத்தான்.

பணக்கார நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பார்கள். இதில் பணம் எங்கே இருக்கிறது? சம்மதப் படிவம் ஒரு தாள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவக் குழு எப்படியும் பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. ஆசிரியரின் மதிப்பீடு இன்னொரு தாள்.

வைபவ் சூர்யவன்ஷியை யாராவது கட்டாயம் சொல்வார்கள். 2025 ஐபிஎல்லில் 14 வயதில் 35 பந்தில் சதம் அடித்த பையன். நானும் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன், மகிழ்ந்தேன். ஆனால் அந்தப் பையனைச் சுற்றி மருத்துவர், உடற்பயிற்சியாளர், பயிற்சியாளர் என்று ஒரு படையே இருந்தது. அவனை யாரும் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டு இறக்கவில்லை. அதோடு, சர்வதேச ஆட்டங்களில் ஆட 15 வயது ஆகியிருக்க வேண்டும் என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) 2020-ல் விதி கொண்டுவந்தது, விதிவிலக்கு வேண்டுமென்றால் அந்த நாட்டு கிரிக்கெட் வாரியம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்களுக்கு 16 வயது. பெய்ஜிங் 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 15 வயது ரஷ்யச் சிறுமி ஊக்கமருந்து சர்ச்சையில் சிக்கித் தவித்ததைப் பார்த்த பிறகு, பனிச்சறுக்கு நடனத்தில் பெரியவர் பிரிவுக்கான வயதை 15-லிருந்து 17-க்கு உயர்த்திவிட்டார்கள். மேலே இருக்கிறவர்கள் வயதைக் கூட்டிக்கொண்டு போகும் காலத்தில் நாம் குறுவட்டத்தில் வயதைப் பார்க்காமல் இருக்கிறோம்.

நம் பிள்ளைகளையே பாருங்களேன். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்த இந்தியக் கபடி அணிகள் தங்கம் வென்றன. அது 18 வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டி. தன் வயதுக்காரர்களோடு மோதி வென்றதனால் அந்தத் தங்கத்தின் மதிப்பு குறைந்துவிட்டதா? விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளில் ஆள் எடுக்கிறார்கள். அங்கேயும் பிள்ளையை அவள் வயதுப் பிள்ளைகளோடு வைத்துத்தான் பார்ப்பார்கள். சீக்கிரம் மேலே ஆடினால்தான் விடுதியில் இடம் கிடைக்கும் என்று பெற்றோர்கள் நம்புவது தவறு.

இதில் யாரும் பேசாத ஒரு நஷ்டம் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் நன்றாக ஆடும் நான்கு பேரை 17 வயது அணிக்கு எடுத்துக்கொண்டால் 14 வயது அணி என்ன ஆகும்? பல பள்ளிகளில் அந்த அணியே கிடையாது. மிச்சம் இருக்கிற ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து அணி கட்ட ஆசிரியருக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. மேலே போன நாலு பேரில் இரண்டு பேர் ஆடுவார்கள், இரண்டு பேர் நாள் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்து அக்காமார்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, பைகளுக்குக் காவல் இருப்பார்கள். சொந்த வயதில் ஆடியிருந்தால் கேப்டனாக இருந்திருக்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள். ஆட்டத்தைத் தன் கையில் எடுப்பது, தோற்கும்போது மற்றவர்களை இழுத்துப் பிடிப்பது, யாரைப் பாட அனுப்புவது என்று முடிவெடுப்பது எல்லாம் சொந்த வயது அணியில்தான் வரும். பெரிய அணியில் சின்னவள் சொன்னதைச் செய்வாள், அவ்வளவுதான்.

நடுநிலைப் பள்ளிகளின் நிலைமையையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் 2012-ல் எடுத்த பகுதிநேர ஆசிரியர்கள்தான் உடற்கல்வி பார்க்கிறார்கள். வாரத்துக்கு மூன்று நாள், அரை நாள் வீதம் வேலை. அந்த நேரத்தில் அவர் எத்தனை அணி கட்ட முடியும்? சின்ன வகுப்புகளுக்கு முழுநேர ஆசிரியர் இல்லாத வரைக்கும் அந்தப் பிள்ளைகள் ஆட ஆசைப்பட்டால் பெரிய பள்ளி அணியில் ஒட்டிக்கொள்வதைத் தவிர வழி இல்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, இதை ஆண் ஆசிரியர்கள் பேசத் தயங்குவார்கள். மாநிலப் போட்டிக்கு வெளி மாவட்டம் போனால் ஏதாவது ஒரு பள்ளிக் கட்டடத்தில் தங்க வேண்டியிருக்கும். 17, 18 வயதுப் பெண்களோடு 12 வயதுப் பிள்ளை. அவர்கள் பேசுவது வேறு, இவள் உலகம் வேறு. முதல் முறை மாதவிலக்கு வருகிற வயது அது. வெளியூரில், அம்மா இல்லாத இடத்தில், நாளைக்குக் காலையில் ஆட்டம் இருக்கிறது என்ற பயத்தோடு அதை யாரிடமும் சொல்லாமல் இரவு முழுவதும் விழித்திருந்த பிள்ளையை நான் அறிவேன். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பிள்ளைகள். பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோமே, அது சும்மா அல்ல. அணியோடு பெண் ஆசிரியர் கட்டாயம் போக வேண்டும் என்பதில் துளியும் சமரசம் கூடாது. 14 வயது அணி என்றால் எல்லோரும் ஒரே நிலையில் இருப்பார்கள், கூடப் போகிறவரும் அதற்குத் தகுந்தபடி கவனமாக இருப்பார்.

சின்னவர்கள் பெரியவர்களோடு ஆடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாலைப் பயிற்சியில் நான் எப்போதும் கலந்துதான் விடுவேன். பெரிய பெண் பாடி வரும்போது எங்கே காலை வைக்கிறாள் என்று சின்னவள் பக்கத்தில் நின்று பார்ப்பதைவிட நல்ல பாடம் கிடையாது. பயிற்சியில் பெரியவள் பலத்தைக் குறைத்துக்கொள்வாள், தங்கச்சி என்ற நினைப்பு இருக்கும். போட்டியில் அந்த நினைப்பு இருக்காது, இருக்கவும் முடியாது. ஓட்டத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை பிளஸ் டூ பிள்ளையை முந்துவாள் என்றால் தாராளமாக ஓடட்டும். அவரவர் தடத்தில் அவரவர் ஓடுகிறார்கள், யாரும் யார் மேலேயும் விழப் போவதில்லை. டேபிள் டென்னிஸ், நீச்சல், சதுரங்கம் எல்லாம் அப்படித்தான். பிரக்ஞானந்தா 2018-ல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது எதிரில் உட்கார்ந்தவர்களுக்கு என்ன எடை என்று யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. கபடி, கால்பந்து, கூடைப்பந்து, ஹாக்கி போன்றவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் வாதம். அதிலும் நூற்றில் ஒரு பிள்ளை உண்மையிலேயே உடம்பாலும் ஆட்டத்தாலும் தயாராக இருப்பாள். அவளைத் தடுக்க வேண்டாம். சோதித்துப் பார்த்து, அம்மா அப்பாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

அடுத்து, தமிழக அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள். இதை அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுபோக உங்கள் நாளிதழால் முடியும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பெரிய வாய்ப்பு இதற்கு முன் இருந்ததில்லை. மாநில அளவில் தனிநபர் போட்டியில் முதல் பரிசு 1 லட்சம் ரூபாய். ஒரு கூலித் தொழிலாளி வீட்டில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பள்ளி மாணவர் பிரிவு 12 வயதிலிருந்து 19 வயது வரை ஒரே பிரிவு. ஆறாம், ஏழாம் வகுப்புப் பையனும் கல்லூரி வாசலில் நிற்கிற பையனும் ஒரே கோப்பைக்கு மோதுகிறார்கள். நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பதிவு செய்கிறார்கள், முதல் சுற்றில் தோற்று வீட்டுக்குப் போகிறார்கள். அல்லது ஆள் எண்ணிக்கைக்காகப் பெரிய அணியில் ஏறுகிறார்கள். பரிசுத் தொகை பெரிதாக இருப்பதால் பெரியவர்களும் விட்டுக்கொடுத்து ஆட மாட்டார்கள், அது நியாயமும்தான். குடியரசு தினப் போட்டிகளில் மூன்று பிரிவு இருக்கும்போது இதில் குறைந்தது இரண்டு பிரிவாவது வைக்க முடியாதா? 12 முதல் 15 வரை ஒன்று, 16 முதல் 19 வரை ஒன்று. இருக்கிற பரிசுப் பணத்தையே பங்கிட்டாலும் குறை இல்லை.

ஆள் குறைவுக்கும் வழி சொல்லாமல் குற்றம் மட்டும் சொன்னால் பணியில் இருக்கும் ஆசிரியர்கள் என்மேல் வருத்தப்படுவார்கள். பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் இரண்டு, மூன்று சிறிய பள்ளிகள் சேர்ந்து ஒரே அணியாகக் குறுவட்டத்தில் ஆட அனுமதி கொடுங்கள் என்பதுதான் நான் கேட்பது. இப்போது ஒவ்வொரு பள்ளியும் தன் பெயரில்தான் அணி அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு பள்ளியில் 17 வயதுக்கு ஆறு பேர், அடுத்த பள்ளியில் ஏழு பேர் என்றால் இரண்டு தலைமை ஆசிரியர்களும் எட்டாம் வகுப்பில் ஆள் தேடுகிறார்கள். சேர்ந்து ஆடினால் 13 பேர், ஒரு சின்னப் பிள்ளையும் தேவையில்லை. அந்த ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 14 வயது அணியாகத் தனியே ஆடுவார்கள். கோப்பை எந்தப் பள்ளி அலமாரியில் இருக்க வேண்டும் என்பதை ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று பிரித்துக்கொள்ளலாம். இதைப் பேசினால் முதலில் எழும் தகராறு அதுதான் என்பதால் சொல்கிறேன். அதோடு பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளைப் போட்டி நாளிலாவது வெளியே விடச் சொல்லி முதன்மைக் கல்வி அலுவலர்கள் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். ஒரு நாள் ஆடப் போனதால் பொதுத்தேர்வில் தோற்ற பிள்ளையை நான் பார்த்ததில்லை.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். படிவம் நீட்டினால் எந்த வயதுப் பிரிவு, எந்த ஊர், கூட வருவது யார் என்று கேட்டு, பதிலை அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். கேட்டால் ஆசிரியர் கோபப்படுவார் என்று பயப்பட வேண்டாம். நல்ல ஆசிரியர் கோபப்பட மாட்டார்.

எங்கள் பக்கத்தில் அடுத்தடுத்த ஊர்களில் இருக்கும் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களிடம் இந்தக் கூட்டு அணி யோசனையைப் பேசிவிட்டேன். இருவரும் சம்மதித்துவிட்டார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் பள்ளியில் நல்ல கபடி மைதானம் இருக்கிறது, மாலையில் வந்து பயிற்சி கொடுக்க நானும் தயார். அடுத்த கல்வியாண்டின் குறுவட்டப் போட்டிகளுக்கு முன்பாக மாவட்ட உடற்கல்வி ஆய்வாளரிடமிருந்து ஒரு அனுமதிக் கடிதம் வந்துவிட்டால் ஜூன் மாதமே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
ஸ்ரீவைகுண்டம் வட்டம்,
தூத்துக்குடி மாவட்டம்.